ஐந்தாவது கட்டம்

1

செவ்வாய்க்கிழமை காலைகளில் எனக்குப் புற்றுநோய் வரும். ஒன்பது மணிக்கு ஒரு தடவை, ஒன்பதே காலுக்கு ஒரு தடவை, இப்படிப் பதினொன்றரைக்குள் எட்டுத் தடவை. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கி ஸ்ட்ரெச்சர் தள்ளப் போய்விடுவேன்.

பாரிசுக்கு வெளியே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளும் அங்கேதான் பழகுகிறார்கள். நோயாளியிடம் கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு எதிரே உட்கார ஒரு பொய் நோயாளி வேண்டும். நாடகம் நடிக்கிறவர்கள் சிலர் வருவார்கள். ஆனால் பிரெஞ்சு சரியாக வராத ஆள் ஒருவர் வேண்டும் என்று ஒரு பேராசிரியை தேடிக்கொண்டிருந்தார். நடைக்கூடத்தில் ஸ்ட்ரெச்சரோடு போன என்னை நிறுத்திக் கேட்டார். எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச வராது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த ஒரு வார்த்தையும் சரியாக வரவில்லை, அதோடு பதற்றத்தில் அவரை 'நீ' என்று வேறு சொல்லிவிட்டேன்.

"இதேதான், இப்படித்தான் வேண்டும்" என்றார் அவர்.

நான் யாராக நடிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. மகள் ஷாலினிதான் சமையலறை மேசையில் வைத்துப் படித்துச் சொன்னாள். அவள் இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அன்றைக்கு மட்டும் கஷ்டப்பட்டுத் தமிழில் சொன்னாள். "அப்பா, நீ ஒரு கிளீனர். தனியா வந்திருக்க. உனக்குக் கேன்சர். ஆனா உனக்குத் தெரியாது."

இரண்டாவது தாள் நான் மாணவருக்கு மார்க் போட. அதில் ஆறு கட்டங்கள். மாணவர் தன் பெயரைச் சொன்னாரா. உட்கார்ந்தாரா. எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டாரா. சேதி நல்லதில்லை என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னாரா. ஐந்தாவது, நோயின் பெயரை மறைக்காமல் சொன்னாரா. ஆறாவது, சொன்ன பிறகு பேசாமல் இருந்தாரா. அந்த மௌனத்தில் நான் மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். எண்ணிவிட்டு, "நான் வீட்டுக்குப் போகலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்கிற மாணவருக்கு ஐந்தாவது கட்டத்தில் சைபர்.

இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியின் படம் போட்ட காப்பிக் கோப்பை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. என் அண்ணியைப் பற்றி. ஆகவே அண்ணனிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

2

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். நோயாளியாக உட்காருவதற்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இந்த நாட்டில் சாவதற்கே மூன்று பாரம் நிரப்ப வேண்டும், சாவது போல நடிப்பதற்கு ஐந்து.

என் மனைவி புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பம். அவளைக் கட்டிக்கொண்டுதான் நான் ஒலக்கூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். வந்த அன்றே என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, என்னைக் கோவிந்தன் ஆக்கிவிட்டார்கள். செத்துப்போன அப்பாவைத்தான் இருபது வருடமாக எல்லோரும் இங்கே கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு கோட்டைக் காட்டி, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் படித்தது ஐந்தாவது வரை. ஐந்து என்று எழுதினேன். பள்ளிக்கூடமெல்லாம் முடித்த பிறகு படித்த வருடத்தை எழுதுகிற கோடு அது என்று எனக்குத் தெரியாது. இந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் நான் இன்றைக்கும் பெரிய பட்டதாரி. ஷாலினி கண்டுபிடித்துச் சிரித்தாள். திருத்தப் போனால் இன்னும் இரண்டு பாரம். விட்டுவிட்டேன்.

3

அண்ணன் பெயர் ஏழுமலை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்குகிற வேலை. ஒரு தை மாதம், மூட்டையைத் தோளில் ஏற்றும்போது இடது விலாவுக்குக் கீழே ஏதோ கட்டையாக இடிக்கிறது என்றார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது, வயிறு மட்டும் இறங்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். எந்த ஊர் என்று எழுதவில்லை. அப்போது எந்த ஊரில் சேர்த்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

சேர்த்த மூன்றாம் நாள் அண்ணனின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். அண்ணனுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது, தொப்புளைத் தாண்டி. கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம் என்பதால் அது அவர்களுக்குப் பெரிய பாடம். ஒவ்வொருவராக வந்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, "மூச்சை இழுங்க" என்பார்கள். அண்ணன் இழுப்பார். ஒரு காலை நேரத்தில் முப்பது கை அந்த வயிற்றில் படும்.

பெரிய டாக்டர் வருகிற நாளில் பிள்ளைகள் நடுங்குவார்கள். அவர் நோயாளிக்கு மேலாகக் கையை நீட்டி இங்கிலீஷில் கேள்வி கேட்பார், பதில் வராவிட்டால் தமிழில் திட்டுவார். "உங்கப்பன் இன்னாத்துக்குய்யா உன்ன இங்க அனுப்பனான்? எருமை மேய்க்க அனுப்பியிருந்தா அதாவது பொழச்சிருக்கும்." பிள்ளைகள் தலை குனிந்து நிற்பார்கள். அண்ணனுக்குப் பரிதாபமாக இருக்கும். பெரியவர் போனதும் அண்ணன் அவர்களுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தார்.

"சார், நேரா அங்க கைய வெச்சா கெடைக்காது. இந்தத் தொப்புளுக்கும் கீழ, வலப்பக்கம் இருந்து மெதுவா ஏறி வாங்க. நான் மூச்சு இழுக்கறப்ப அது வந்து உங்க வெரல்ல இடிக்கும் பாருங்க. இடிச்சிச்சா?"

"இடிச்சிச்சிண்ணா!"

"அவ்ளோதான் சார். பயப்படாதீங்க."

வீக்கத்தின் எல்லையை அவர்கள் வயிற்றின் மேல் பேனாவால் கோடு போட்டு வைப்பார்கள். நான் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது அண்ணன் கத்துவார். "டேய், கோட்டை அழிச்சிடாத. அந்த மேடம் காலீல வந்து அளந்து பாக்கணும்."

எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கம். பக்கத்துக் கட்டிலில் ஒரு டாக்டர்கூட எட்டிப் பார்க்காமல் ஒரு கிழவர் கிடந்தார். எங்கள் கட்டிலில் திருவிழாக் கூட்டம். அண்ணி, நாலு வயசுப் பையன் பாபுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொல்வாள்: "எத்தினி டாக்டருங்க வந்து பாக்கறாங்க தெரியுமா? பணங்கட்டனாகூட இப்பிடிப் பாக்க மாட்டாங்க." அத்தனை பேர் தொடுவதே வைத்தியம் என்று நினைத்தோம்.

ஒரு நர்ஸம்மா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுப்பா" என்றார். கேட்டேன். பெரிய டாக்டருக்குக் கீழே மேல்படிப்புப் படித்துக்கொண்டே அந்த வார்டைப் பார்த்துக்கொண்ட இளம் டாக்டர், "இன்னும் மூணு வாரத்துல பசங்களுக்கு எக்ஸாம். இவரு நல்ல கேஸ். அது முடிஞ்சதும் போலாமே" என்றார். அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "பசங்க பாவம்டா, பாஸ் பண்ணட்டும். நம்மள நம்பிக்கினு இருக்குதுங்க."

மெட்ராசுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் தெரியும்.

பரீட்சை நடந்தது. அண்ணனைக் குளிப்பாட்டி, சலவை வேட்டி கட்டி, தனி அறையில் படுக்க வைத்தார்கள். வெளியூரிலிருந்து பரீட்சை வைக்க வந்த டாக்டர்கள் பிள்ளைகளைக் கேட்டார்கள். திணறிய பிள்ளைக்கு அண்ணன் கண்ணாலேயே இடத்தைக் காட்டியதாகப் பிறகு சொல்லிச் சிரித்தார். எல்லோரும் பாஸ்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் தலை சீவி, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தார். எட்டரை. ஒன்பது. பத்து.

"இன்னாடா, ஒருத்தரையும் காணோம்?"

"லீவு உட்டிருப்பாங்கண்ணே."

அதற்கு அடுத்த நாளும் காணோம்.

4

ஒரே ஒரு பெண் வந்தாள். பேனாவால் கோடு போடுகிற அந்த மேடம்தான். இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவளை வாசல் வரை தொடர்ந்து போய், எப்படியோ தைரியம் வந்து கேட்டேன். "மேடம், எங்கண்ணனுக்கு இன்னா வியாதி?"

அவளுக்குக் கண் கலங்கியது. எதையோ சொல்ல வாயெடுத்து, தரையைப் பார்த்தாள். "சார்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

அந்த இளம் டாக்டரைப் பிடித்தேன். அவர் நடந்துகொண்டே சொன்னார், நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டேன். "ரத்தத்துல கேன்சருப்பா. முத்திப் போச்சு. நாள் கணக்குதான். ஊட்டுக்கு இட்டுக்கினு போயிடு." அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுத்த வார்டுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

நான் அண்ணனின் கட்டிலுக்குத் திரும்பினேன்.

"இன்னா சொன்னாங்க?"

"சரியாயிடுமாம்ணே. ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போலாம்னாங்க."

அண்ணியிடமும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்குப் போன பதினோராம் நாள் அண்ணன் இறந்தார். கடைசி வரை தனக்கு உடம்பு தேறுகிறது என்றே நம்பினார். வீட்டு ஓலையை மாற்ற ஆள் பேசச் சொன்னார். அண்ணியிடம் எதுவும், பிள்ளையைப் பற்றிக்கூட, சொல்லாமல் போனார், சொல்ல வேண்டிய நேரம் அது என்று அவருக்குத் தெரியாததால்.

காரியம் முடிந்த அன்று அண்ணி ஒன்றே ஒன்று சொன்னாள். "தெரிஞ்சிருந்தா அவரண்ட ஒரு வார்த்த கேட்டிருப்பேன், தம்பி." என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.

5

இங்கே செவ்வாய்க்கிழமைப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வாழைப்பழப் பெண் ஞாபகம் வருவாள். பல வருடம் அவள்மேல் எனக்குக் கோபம். இப்போது தெரிகிறது: அவளுக்கு மண்ணீரலைத் தொடச் சொல்லிக் கொடுத்தார்கள், அதைப் பற்றி அதன் சொந்தக்காரனிடம் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எருமை மேய்க்கச் சொல்லித் திட்டு வாங்கிய பிள்ளை வேறு எந்தப் பேச்சைக் கற்றுக்கொள்ளும்?

அதற்காக இங்கே எல்லாம் ஒழுங்கு என்று ஊரில் இருக்கிறவர்கள் நினைத்துவிட வேண்டாம். ஒரு மாணவன் ஆறு கட்டத்திலும் முழு மதிப்பெண் வாங்கினான். முழங்கால் என் முழங்காலைத் தொடுகிற அளவுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, அவ்வளவு மெதுவாகச் சொன்னான். எனக்கே அழுகை வந்துவிட்டது. அன்று மத்தியானம் லிஃப்டில் நான் நீலச் சட்டையில் ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறேன், அவன் உள்ளே வருகிறான். நான் தலையசைத்தேன். அவன் என்னைத் தாண்டி நாலாவது மாடிப் பொத்தானை அழுத்தினான்.

வருடக் கடைசியில் எங்களிடமும் கருத்துக் கேட்பார்கள். என் முறை வந்தது. பேராசிரியை பேனாவோடு காத்திருந்தார். "இவர்கள் யாரும் என்னைத் தொடுவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிப்பார்கள். இவர்களுக்கு மிஷின் இல்லாவிட்டால் தெரியாது" என்று எனக்கு வந்த பிரெஞ்சில் சொன்னேன். ஊரில் கையை மட்டும் பழக்கினார்கள், இங்கே வாயை மட்டும் பழக்குகிறார்கள், இரண்டும் ஒரே ஆளுக்கு உள்ளவைதானே என்று சொல்ல நினைத்தேன். அதற்குப் பிரெஞ்சு போதவில்லை. அவர் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார். அடுத்த வருடமும் அதே ஆறு கட்டம்தான் வந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தது பாபு. அண்ணி இடுப்பில் வைத்திருந்த பையன். இப்போது திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். அண்ணிக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"சித்தப்பா, ரிசல்ட் வந்துடுச்சி. கேன்சராம். ஈரல் வரிக்கும் போயிடுச்சாம். ஆபரேசன்லாம் வேலைக்கு ஆவாதுன்னுட்டாங்க."

"யார் சொன்னாங்க? எப்பிடிச் சொன்னாங்க?"

"எப்பிடின்னா? வராண்டாவுல நின்னுக்கினுதான். அந்த டாக்டரு என்னைவிடச் சின்னப் பையன் சித்தப்பா. பாவம், நின்னுக்கினே தூங்கறான். இப்பல்லாம் பேசறதுக்கும் கிளாஸு உண்டாமே உங்களுக்குன்னு கேட்டேன். 'இருக்குண்ணா, அட்டெண்டன்ஸு போடுவாங்க'ன்னு சிரிக்கறான். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கன்னுட்டுப் போயிட்டான்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"கட்டி, மருந்துல கரைஞ்சிடும்னு சொல்லி வெச்சிருக்கேன். என்னால ஆவல சித்தப்பா. நீங்க அங்க இதே வேலைதான பாக்கறீங்க? எத்தினி டாக்டருங்களுக்கு மார்க்கு போடறீங்க! நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் காலை பேசுவதாகச் சொன்னேன். அண்ணன் விஷயத்தில் செய்ததை இந்தத் தடவை செய்யக் கூடாது என்று முடிவு செய்தேன். அண்ணிக்கு யாரிடமாவது கேட்க வேண்டிய வார்த்தை இருக்கலாம். சொல்ல வேண்டியது இருக்கலாம்.

ஷாலினி கட்டம் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் பெரியம்மா. சொல்லு, அப்பா." இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் சொல்லிவிட்டேன். அவள் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டாள். மகளிடம் சொல்ல முடிந்தது, அவளுக்கு அந்தத் தமிழ் வார்த்தைகள் அவ்வளவாக வலிக்காது என்பதால் இருக்கலாம்.

காலை பத்து மணிக்கு வீடியோவில் அண்ணி வந்தாள். பாபு போனைக் கையில் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போவதாகச் சொல்லி நழுவினான். அண்ணியின் முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"இன்னா தம்பி, இளச்சிட்டீங்க? அங்க சோறு கீறு துன்றீங்களா இல்லியா?"

நான் உட்கார்ந்துதான் இருந்தேன். மூன்றாவது கட்டத்துக்குப் போனேன். "உங்களுக்கு டாக்டருங்க இன்னா சொன்னாங்க அண்ணி?"

"எங்கிட்ட யாரு சொல்றா? வராங்க, அமுக்கறாங்க, போறாங்க. கட்டியாம். கரைஞ்சிடுமாம், பாபு சொல்றான்."

"அண்ணி, ஒரு சேதி வந்திருக்குது. அது..."

அவள் காத்திருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஷாலினி பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது கட்டம். ஒரே ஒரு வார்த்தை. மூன்று வருடமாக வாரத்துக்கு எட்டுத் தடவை என் காதில் விழுகிற வார்த்தை.

"ஊட்டுக்குப் போலாமா தம்பி?" என்றாள் அண்ணி. தாளில் எனக்கு எழுதிக் கொடுத்த அதே கேள்வி.

"போலாம் அண்ணி. ரெண்டு நாள்ல போலாம். எல்லாம் சரியாயிடும்."

அவள் பேசவில்லை. நான் பழக்கத்தில் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எட்டு வரும்போது சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கும் இதையேதான சொன்னீங்க."

ஒன்பது, பத்து.

"சரி. பாபு வரான். எனக்குத் தெரிஞ்சிப் போச்சின்னு அவனண்ட சொல்லிடாதீங்க. பயந்துக்குவான்" என்றாள் அண்ணி. பிறகு குரலை உயர்த்தி, "டீ ஆறிடப் போவுதுடா, குடு" என்று சிரித்தாள். பாபுவின் முகம் திரைக்குள் வந்தது. கட்டைவிரலை உயர்த்தி, முடிந்ததா என்று எனக்குச் சைகை காட்டினான். நான் தலையாட்டினேன்.

ஷாலினி தாளை மடித்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

7

நேற்று செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிப் பையன் பெயர் சொன்னான், உட்கார்ந்தான், கேட்க வேண்டியதைக் கேட்டான். ஐந்தாவது கட்டத்துக்கு வந்தான். என் கையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றான். முகம் சிவந்துவிட்டது. நல்ல பையன்.

அவன் வெளியே போன பிறகு பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாணவி கதவைத் தட்டிவிட்டாள்.

சைபர்தான் போட்டேன். அவன் மறுபடியும் வந்து படிக்கட்டும். அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது.